நூறு சரத்காலங்கள் எதற்காக?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது ஜோகுபாளையம். தண்டு என்று பழையவர்கள் அழைக்கும் இந்தக் கிழக்குப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஏரிக்கரையில் காலையில் நடந்துவிட்டுத் திரும்பும் பெரியவர்களை வீட்டுக் குழந்தைகள் வணங்கும்போது, ‘நூறாண்டு வாழ்க’ என்று அவர்கள் மனமார வாழ்த்துகிறார்கள். அதே வாழ்த்தை அவர்களுக்கே யாரேனும் திருப்பிச் சொல்லிவிட்டால், ‘இருந்தது போதும், இனி எதற்கு?’ என்ற பதில் உடனே வருகிறது. குழந்தைகளுக்கு நல்லதென்று மனமார வழங்கிய ஒன்று, தமக்கு மட்டும் எப்படிச் சுமையாயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேதப் பிரார்த்தனை ஒன்று உதவும். நண்பகல் சந்தியாவந்தனத்தில் கைவிரல்களைக் கோத்து, அவற்றின் இடைவெளி வழியே கதிரவனைப் பார்த்தபடி சொல்லப்படும் பிரார்த்தனை அது. மந்திரம் சிலருக்கே பாடமாக இருக்கலாம்; பொருள் அனைவருக்கும் பொது. அதில் ஆண்டுகள் ‘சரத்’ என்னும் பருவத்தால் எண்ணப்படுகின்றன. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் பருவம் அது. எட்டு வேண்டுதல்கள், ஒவ்வொன்றும் நூறு சரத்காலங்களுக்கு. காண வேண்டும், வாழ வேண்டும், சுற்றத்தாருடன் கூடி மகிழ வேண்டும், உள்ளத்தில் உவகை கொள்ள வேண்டும், சிறந்து விளங்க வேண்டும், நல்லவற்றைக் கேட்க வேண்டும், நல்லவற்றைப் பேச வேண்டும், எதனாலும் வெல்லப்படாதவர்களாக இருக்க வேண்டும்.

எட்டில் ‘வாழ வேண்டும்’ என்பது ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற ஏழும், கிடைக்கும் வாழ்நாளை எதனால் நிரப்புவது என்பதைச் சொல்கின்றன. வாழ்வதற்கு முன்பே காண்பது வந்துவிடுகிறது என்பதும் சிந்திக்கத் தக்கது. செல்வம், பதவி, புகழின் உச்சி ஆகியவற்றை இங்கே தனியாகக் கேட்கவில்லை. வெயிலைப் பார்ப்பது, நல்ல சொல்லைக் கேட்பது, உறவினரோடு அமர்ந்திருப்பது போன்ற, தினமும் கைக்கெட்டும் எளிய இன்பங்களையே ரிஷிகள் நூறாண்டுக்கு வேண்டினார்கள். சுக்ல யஜுர்வேதத்தில் வரும் பாடத்தில், வெல்லப்படாமை இருக்கும் இடத்தில் ‘அதீன’ என்ற சொல் நிற்கிறது. பரிதாபத்திற்குரிய நிலை அடையாதவர் என்பது அதன் பொருள். முதியவர்கள் மரணத்தைவிட அதிகம் அஞ்சுவது அந்த நிலைக்குத்தான்.

அதே பெங்களூரின் தென்பகுதியான கவிபுரத்தில் இப்படி ஒரு நீண்ட வாழ்வு நடந்தது. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891 ஜூன் 6 அன்று கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். வீட்டில் பேசிய மொழி தமிழ். எழுதிய மொழி கன்னடம். மைசூர் அரசில் உயர்ந்த பதவிகளை வகித்த அவர், தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராததால் 1943இல் பதவியைத் துறந்தார். மனக்கசப்போடு தொடங்கிய ஓய்வு அது. அதன் பிறகு அவருக்கு வாய்த்தவை 43 ஆண்டுகள்! கசப்பைப் பேணி வளர்க்க அது தாராளமான காலம். அவரோ 1944 முதல் 1965 வரை ‘ஜீவன’ என்ற மாத இதழை நடத்தினார். சிறுகதைகளையும் ‘சிக்கவீர ராஜேந்திர’ என்ற பெரிய நாவலையும் எழுதினார். அந்த நாவலுக்கு 1983இல் ஞானபீட விருது கிடைத்தபோது அவருக்கு வயது 90ஐக் கடந்திருந்தது. ‘மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி’ என்பது கன்னட மக்களின் வழக்கு.

ஆனால் இங்கு முக்கியம் அந்த விருதன்று. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு பசவனகுடி மன்றத்திற்கு நடந்து சென்று, நண்பர்களுடன் சீட்டாடி வருவது அவருடைய நெடுநாள் வழக்கம். ஆன்மிக இதழில் சீட்டாட்டத்தைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சீட்டு இங்கே ஒரு சாக்கு. தமக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது, தாம் வராவிட்டால் நால்வர் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பார்கள் என்னும் உணர்வு விருதால் கிடைப்பதில்லை. தாம் பிறந்த அதே ஜூன் 6ஆம் நாளில், 1986இல், 95 வயது நிறைவில் மாஸ்தி மறைந்தார்.

வாழ்வதற்கு உரிய பொருள் உண்டு என்னும் உணர்வை ஜப்பானியர் ‘இகிகாய்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அந்நாட்டின் ஓசாகி பகுதியில், 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம் அந்த உணர்வு உண்டா என்று கேட்டு, ஏழு ஆண்டுகள் அவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். 2008இல் முடிவு வெளியாயிற்று. ‘இல்லை’ என்றவர்களிடையே மரண அபாயம் ‘உண்டு’ என்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. நோயுற்றவர்களே ‘இல்லை’ என்று சொல்லியிருக்கக் கூடும் அல்லவா? உடல்நிலை வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி மறையவில்லை. ஆயினும் இதை ஆயுளை நீட்டும் மருந்தாகக் கொள்வது பிழை. ஆயுளுக்காக மகிழ முயல்பவர் மகிழ்வதில்லை.

இன்னும் கடினமான ஒரு கேள்வி எஞ்சுகிறது. காண்பதும் கேட்பதும்தான் இன்பம் என்றால், கண்ணில் புரை வளர்ந்து, காது மந்தமாகி, கால் வாசற்படி தாண்ட மறுக்கும்போது என்ன செய்வது? ‘இகிகாய்’ பற்றி 1966இல் நூல் எழுதிய மனநல மருத்துவர் மியேகோ கமியா, இந்தக் கேள்வியைத் தொழுநோயாளர்கள் வாழ்ந்த நாகஷிமா தீவின் மருத்துவமனையில் சந்தித்தார். ஒரே நோய், ஒரே வேலிக்குள் வாழ்வு. ஆயினும் ஒருவருக்கு வாழ்வு வெறுமையாக இருந்தது, மற்றொருவருக்கு நிறைவாக இருந்தது. அங்கே பார்வையிழந்தோர் சிலருக்கு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்க இயலாது. அவர்கள் நாவின் நுனியால் தடவிப் படிக்கக் கற்றார்கள். 1953இல் பார்வையற்றோர் ஹார்மோனிகா இசைக்குழு ஒன்றும் அங்கு தோன்றியது. இசைக் குறியீடுகளையும் நாவால் படித்து, ஒருவர் மற்றவருக்குக் கற்றுத் தந்தார்கள். புலன் ஒன்று மூடிக்கொண்டபோது, காணும் விருப்பம் வேறு வாசலைத் தேடிக்கொண்டது. சொல்லித் தர அருகில் ஒருவர் காத்திருந்ததும் அதற்குக் காரணம்.

ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் இரண்டாவது மந்திரமும் நூறாண்டைப் பற்றிப் பேசுகிறது. செயல் புரிந்தபடியே நூறாண்டு வாழ விரும்புவது மனிதனுக்குத் தகும் என்பது அதன் கருத்து. முதல் மந்திரம் அனைத்தையும் துறந்து ஆத்ம ஞானத்தில் நிலைப்பவருக்கு, இரண்டாவது அவ்வாறு இயலாதவருக்கு என்று ஆதிசங்கரர் தமது பாஷ்யத்தில் பிரித்துக் காட்டுகிறார். ஓய்வு பெற்றவர்கள் பலரின் துன்பம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் வருகிறது. அலுவலகம் விடை கொடுத்த நாளில் ஒருவர் துறவியாகிவிடுவதில்லை. ஆனால் செயலை மட்டும் விட்டுவிடுகிறார். பிள்ளைகளும் ‘நீங்கள் சும்மா உட்காருங்கள், அப்பா’ என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பு, காய் நறுக்கவும் பால் வாங்கவும் விளக்கேற்றவும் பழகிய கைகளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டுவிடுகிறது. நாளடைவில், தாம் எழுந்தாலும் எழாவிட்டாலும் அந்த வீடு அப்படியே நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்துபோகிறது. ‘இனி எதற்கு?’ என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது.

அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் பலருக்கு அவருடைய மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தெரியும். அந்தச் சிலை வரை பேரனின் கையைப் பிடித்து நடந்து, தினம் ஓர் எழுத்து சொல்லித் தர ஒரு பெரியவர் முன்வந்தால், உயிரும் மெய்யும் முடியவே ஒரு மாதம் ஆகும். பேரனின் நாவில் ழகரம் படிவதற்கு இன்னும் பல நாட்கள் ஆகலாம். அதுவரை தாத்தா காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் அவனுக்காகக் காத்து நின்றாக வேண்டும்.