குறை சொல்லும் தம்பிக்கு

ஆயக்குடியிலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் முதலாண்டுத் தம்பிகள் சிலர் என்னுடன் வருவர். ஏறியது முதல் இறங்கும் வரை அவர்கள் பேச்சு குறைகளாகவே இருக்கும். ஆய்வகத்தில் கருவி போதவில்லை. இந்தப் பட்டத்துக்கு வேலை இல்லை. நமக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை. நானும், "எல்லாம் சரியாகிவிடும்" என்றே சொல்லி வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை முதல் அவர்களுள் ஒருவன் வரவில்லை. கொய்யாச் சந்தையில் பெட்டி ஏற்றப் போகிறான் என்றார்கள். தேடிச் சென்றேன். "சரியாகும்னு சொன்னீங்க, எப்படின்னு சொல்லலையே அண்ணா" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டறிய எனக்கு அண்ணன் எவரும் இல்லை. அந்த அருமை தெரிந்த நானே அவனுக்கு உண்மை சொல்ல அஞ்சிவிட்டேன். தவறும்போது கண்டிப்பவனே நண்பன் என்பதைத் திருக்குறளின் 79ஆம் அதிகாரமாகிய 'நட்பு' நமக்கு உணர்த்தவில்லையா?

மறுநாள் அவனுடன் அமர்ந்து, அவன் குறைகளை மூவகையாகப் பிரித்தேன்.

முதல்வகை, கேட்டால் தீரக்கூடியவை. கருவி போதாதென்றால் பேருந்தில் புலம்பிப் பயனில்லை. எத்தனை பேருக்கு எத்தனை கருவி என்று கணக்கெழுதி, வகுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டுத் துறைத் தலைவரிடம் தர வேண்டும்.

இரண்டாம்வகை, உண்மையானவை; ஆனால் அளவறிந்து எதிர்கொள்ள வேண்டியவை. 2024 ஜூன் 9இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் போட்டி. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அங்கே நம் பட்டம் தனிச் சலுகை தராது. பட்டம் தேவைப்படுவது குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு.

ஆயினும் வழி அடைபடவில்லை. குரூப் 4இன் 200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருபவை. அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மறுபகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. தமிழ் வகுப்பில் தூங்குபவர் கவனிக்க! பள்ளி முதல் தமிழ்வழியில் பயின்றோர்க்கு, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. மேற்படிப்பு விரும்புவோர் 'ஜாம்' தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எனவே இன்றே பழக வேண்டும்.

மூன்றாம்வகை, சாக்குகள். "நமக்கு ஆள் இல்லை" என்பது அதில் சேரும். எங்கள் ஊரிலேயே கட்டணமின்றிப் போட்டித் தேர்வுப் பயிற்சி தந்து பெயர்பெற்றது மரத்தடி மையம். வெளி மாவட்டத்தாரும் வந்து தரையில் அமர்ந்து படித்தனர். பக்கத்துத் தெருவிலிருந்து நாம் போனோமா?

இதைக் கேட்ட தம்பி, "நீங்க போனீங்களா அண்ணா?" என்றான். நான் போனதில்லை. அறிவுரை சொல்ல வந்தவன் தலைகுனிந்தேன். "இனி இருவரும் சேர்ந்து படிப்போம்" என்பதே என்னால் சொல்ல முடிந்த நேர்மையான விடை.

இப்போது அவன் விடியற்காலையில் சந்தைக்குப் போய்விட்டு, முதல் வகுப்புக்கு வந்துவிடுகிறான். பேருந்தில் நாங்கள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். எங்களுக்கு வேலை கிடைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை, அவனும் கேட்கவில்லை. குறை சொல்வதை மட்டும் அவன் விடவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தி, "இது எந்த வகை அண்ணா?" என்று கேட்கிறான்.

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்வியை நாமும் நம்மிடம் கேட்டுப் பழகுவோம்.