தெரு விளக்கின் நிறமும் இரவு வானமும்

பெரிய நகரம் ஒன்றை இரவில் தொலைவிலிருந்து நோக்கினால், அதன்மேல் மங்கிய ஒளித்திரை ஒன்று கவிந்திருக்கக் காணலாம். தரையில் விழவேண்டிய ஒளியின் ஒரு பகுதி மேலே சென்று, வளிமண்டலத்தில் சிதறித் திரும்புவதே இதற்குக் காரணமாகும். விண்மீன்களை மறைக்கும் இத்திரையின் பிரகாசம், விளக்குகளின் எண்ணிக்கையை மட்டுமன்றி அவற்றின் நிறத்தையும் பொறுத்ததாகும்.

நம் நாட்டில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் 2015-ம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. இதனால் மின்சாரம் பெரிதும் மிச்சமாகிறது. ஆயினும், மஞ்சள் நிற சோடியம் விளக்குகள் இருந்த பல இடங்களில் வெள்ளொளி வந்துள்ளதைக் கவனிக்கவேண்டும்.

எல்.இ.டி. விளக்கினுள் இருப்பது நீல ஒளி தரும் ஒரு சிறு படிகமே. அதன்மேல் பூசப்பட்ட பாஸ்பரம் நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. பாஸ்பரத்தின் தன்மையையும் அளவையும் மாற்றி, நீலத்தின் பங்கைக் குறைக்கலாம். விளக்கின் உறையில் குறிக்கப்படும் நிற வெப்பநிலை இதை உணர்த்தும். 6,000 கெல்வின் விளக்கில் நீலம் மிகுதி; 2,700 கெல்வின் விளக்கில் குறைவு.

நீலத்தால் நேரும் தீங்கு யாது? காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் உள்ளது என்பது ராலே பிரபு கண்ட விதி. பகல் வானம் நீலமாயிருப்பதும் இதனாலேயே. சோடியத்தின் மஞ்சள் ஒளி சுமார் 589 நானோமீட்டர், எல்.இ.டி.யின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர். கணக்கிட்டால், நீலம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகச் சிதறும் என்பது விளங்கும். மேலும், மங்கிய ஒளியில் நம் கண் நீலப்பச்சையையே கூர்மையாக உணர்வதால், வானம் இன்னும் வெளிறித் தோன்றுகிறது.

எனினும், தூசியும் புகையும் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. ஆதலின், மாசு மிக்க நகரங்களில் நிறத்தை மாற்றுவது மட்டும் போதாது. ஒளி மேலே செல்லாதவாறு விளக்கிற்கு மூடி அமைத்தலும், நள்ளிரவிற்குப்பின் ஒளியைக் குறைத்தலும் வேண்டும்.

இவை இயலாதவை அல்ல. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி உள்ளது. அதைச் சூழ்ந்த பகுதி 2022-ம் ஆண்டில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் விளக்குகளுக்கு மூடியும் சன்னல்களுக்குத் திரையும் இட்டுள்ளனர். அவர்களுள் சிலர் பயிற்சி பெற்று, பயணிகளுக்கு விண்மீன்களைக் காட்டி வருவாயும் ஈட்டுகின்றனர்.

நகரங்களில் அத்தகைய இருளை எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும், நகராட்சிகள் விளக்குகளை வாங்குங்கால் விலையையும் மின்செலவையும் பார்ப்பதோடு, நிற வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு மேற்படாதிருத்தலையும் மூடி அமைந்திருத்தலையும் நிபந்தனையாக்கலாம். மின்சாரச் சிக்கனத்திற்காக வானத்தை இழக்கவேண்டிய அவசியமில்லை.