நரம்பைக் கெடுத்த எண்ணெய்
வியாபாரிகள் அறிய வேண்டிய பாடம்

 

நம் தேகத்தில் நரம்புகள் இரண்டு வேலை செய்கின்றன. சூடு, குளிர், வலி, தொடு உணர்ச்சி ஆகியவற்றை மூளைக்கு எட்டச் செய்வது ஒன்று. மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டுவந்து அசையச் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் கெடுக்கவல்ல இரசாயனங்கள் பல உண்டு. அவை கடைச் சரக்கில் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு மொராக்கோ நாட்டில் நடந்ததே சாட்சி.

1959-ஆம் ஆண்டு அந்நாட்டின் மெக்னெஸ் நகரிலும் பிற ஊர்களிலும் ஏழை மக்கள் திடீரென நடக்க மாட்டாமல் விழுந்தனர். முதலில் கெண்டைக்காலில் வலி; பிறகு பாதத்தில் மரமரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும்; அதன்பின் பாதம் துவண்டது; கைகளும் வலுவிழந்தன. ஏறக்குறைய 10,000 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். தொற்று வியாதியோ என்று முதலில் ஐயுற்றனர். ஆராய்ந்தபோது குற்றம் சமையல் எண்ணெயில் இருந்தது. அமெரிக்க விமானத் தளத்தில் மிச்சமென்று விற்கப்பட்ட ஜெட் இயந்திர மசகு எண்ணெயை வாங்கி, வியாபாரிகள் சிலர் சமையல் எண்ணெயுடன் கலந்து மலிவாக விற்றிருந்தனர். அதிலிருந்த கிரெசில் பாஸ்பேட் என்னும் நஞ்சே இத்தனைக்கும் காரணம்.

இந்த நஞ்சு உண்ட அன்றே தன்னைக் காட்டுவதில்லை. கால் விழுவதற்குச் சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை ஆகும். அதற்குள் குடும்பம் முழுவதும் பலமுறை உண்டுவிடும். நீண்ட நரம்புகளே நுனியிலிருந்து முதலில் அழிகின்றன. ஆகவேதான் பாதம் முந்தியும் கை பிந்தியும் கெடுகின்றன.

குணமாகுமா என்றால், பெரும்பாலும் ஆகும். ஆனால் பொறுமை வேண்டும். கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்த நுனியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்டிமீட்டர் என்றால் 400 நாட்கள், அதாவது ஓராண்டுக்கும் மேல். முதுகுத் தண்டினுள் கெட்டது இவ்வாறு வளராது. அதனால் சிலருக்குக் கால் விறைப்பு நிலைத்துவிடுகிறது. மொராக்கோவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பல நாடுகளிலிருந்து வந்து, தேகப் பயிற்சியாலும் கட்டுச் சட்டங்களாலும் பலரை மீண்டும் நடக்கச் செய்தனர்.

நம்மவர்க்கும் இதில் பாடம் உண்டு. செருப்பு ஒட்டும் சில பசைகளிலுள்ள ஹெக்சேன் என்னும் ஆவியும் கை கால்களை மரக்கச் செய்யும். அடைத்த அறையில் நாள் முழுதும் அவ்வேலை செய்பவர்க்கு விரல் மரத்தால், உடனே வேலையை நிறுத்தி வைத்தியரிடம் செல்லட்டும். நிறுத்திய பின்னும் சில வாரங்கள் நோய் முற்றுவதுண்டு, அதன்பிறகே இறங்கும். அதைக் கண்டு மனந்தளர வேண்டாம். மரத்த காலுக்குச் சுடுவதும் வெட்டுவதும் தெரியாது. ஆகவே தினமும் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும்.

கடையில் மண்ணெண்ணெய், டர்பன்டைன், பூச்சிமருந்து ஆகியவற்றை உணவுச் சரக்கோடு வைக்காதீர்கள். காலியான சோடா போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். இரசாயன டின்னைக் கழுவி எண்ணெய் நிரப்பாதீர்கள். எங்கிருந்து வந்ததென்று பில் காட்ட இயலாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள்.

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் உரியவர். நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடியைக் கண்டித்தார்கள். அங்கே குறை, விரலுக்கு எட்டியது. எண்ணெயில் கரைந்த நஞ்சோ வாங்குபவரின் விரலுக்கும் நாவுக்கும் எட்டாது. அதை அறிந்தவர் விற்பவர் ஒருவரே; கேள்வி கணக்கும் அவருக்கே.

ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.