மொட்டைமாடியில் நான்கு சூரியன்கள்

அன்புள்ள கயல்,

மெரினாவில் நீ எடுத்தனுப்பிய சூரிய உதயப் படம் அழகுதான். ஆனால் சூரியன் வடக்கு, தெற்கு எல்லைகளைத் தொட்டுத் திரும்பும் கதிர்த்திருப்ப நாட்களிலும், பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாட்களிலும் சூரியன் எங்கே உதிக்கிறது என்று படமெடுக்கக் கடல் உதவாது. வெறும் நீர்க்கோட்டில் இடம் சொல்ல அடையாளம் ஏது? மொட்டைமாடிக்குப் போ. கிழக்கே தூரத்தில் ஒரு கைப்பேசிக் கோபுரமோ, மேல்நிலைத் தொட்டியோ இருந்தால் போதும். தென்னை வேண்டாம், அது வளரும். கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வை. வருஷம் முழுக்க ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசி அங்கேதான் நிற்க வேண்டும்.

டெனிஸ் டி சிக்கோ என்ற அமெரிக்கர் 1978-79இல் காமிராவை வீட்டில் அசையாமல் பொருத்தி, ஒரே பிலிமில் ஓராண்டுச் சூரியனைப் பதிவுசெய்தார். வானில் அது எட்டு வடிவம் போட்டிருந்தது. அந்த எட்டின் இரு நுனிகளும் கதிர்த்திருப்ப நாட்கள்தான்.

சென்னையில் ஜூன் 21 அன்று சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும்; டிசம்பர் 22 வாக்கில் அதே அளவு தெற்கே. நீட்டிய கையில் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. ஆக, ஐந்து முட்டி அகலம். ஜூம் செய்யாதே. நேர்க்கிழக்கை நடுவில் வைத்துக் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் இரு முனைகளும் அடங்கிவிடும். திரையில் சூரியனைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள். இல்லாவிட்டால் வட்டம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

அடிவானத்தில் தெரிந்தவுடன் எடு. நம் ஊரில் சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்துதான் ஏறும். பத்து நிமிடம் தூங்கிவிட்டால் தன் அகலத்துக்கு வலப்புறம் நகர்ந்திருக்கும். மேலே ஏறிய சூரியனை வடிகட்டி இல்லாமல் பார்க்கவும் கூடாது, படமெடுக்கவும் கூடாது.

மார்கழி மேகத்துக்குப் பயப்படாதே. திருப்ப நாளில் சூரியன் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஐந்து நாள் தள்ளி எடுத்தாலும் அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது. கண்டிப்பெல்லாம் சம இரவு நாட்களான மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்கில்தான். அப்போது ஒரே நாளில் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகர்ந்துவிடும். அதற்கு முந்தைய நாளே எடுக்கத் தொடங்கிவிடு.

ஐந்தாவதாக ஒரு படமும் எடு: தை முதல் நாள். சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் அன்று பிறப்பதாகப் பாட்டி சொல்வாள். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்த டிசம்பர் திருப்ப நாளும் தை முதல் நாளும் இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன. டிசம்பர் படத்தின்மேல் தை படத்தை வைத்துப் பார். சூரியன் தன் அகலத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நகர்ந்திருக்கும். பாட்டியிடம் காட்டிவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
மாமா