முட்டையோட்டின் வயது

முட்டம் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பியும், நாஞ்சில் நாட்டு முற்றங்களில் மேயும் கோழியின் முட்டையோடும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. அது கால்சியம் கார்பனேட். ஆயினும், கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கப் புகுந்தால் இரண்டும் ஒரே வகையில் விடை தருவதில்லை.

உயிர் உள்ளவரை உடலில் சேரும் கார்பன்-14, இறப்புக்குப்பின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அளவே காலத்தைக் காட்டும். கடல்நீரில் நெடுங்காலம் தங்கிய பழங்கார்பனையும் சிப்பி ஏற்பதால், அது ஏறக்குறைய 400 ஆண்டுகள் கூடுதல் முதுமையுடன் தோன்றும். முட்டையோட்டின் கார்பனோ, பறவை உண்ட உணவிலிருந்து குருதி வழியாக வந்து சேர்வது. பறவை விழுங்கும் சுண்ணக்கல்லும் அதில் கலவாதா என்னும் ஐயம் இயல்பே. கலக்கிறது, ஆனால் சிறிதளவே. நெருப்புக்கோழி ஓடுகளை ஆராய்ந்த வோகல் குழுவினர், அவை சராசரியாக 180 ஆண்டுகள் முதிர்ந்து காட்டுவதாக 2001இல் வெளியிட்டனர்.

நெருப்புக்கோழி இன்று இந்தியக் காடுகளில் இல்லை, முன்பு இருந்தது. மகாராட்டிர மாநிலம் பாட்ணேயில் எஸ். ஏ. சாலி நடத்திய அகழாய்வில், கோடுகள் கீறப்பட்ட அதன் முட்டையோடு கிடைத்தது. அவ்விடத்து ஓட்டின் காலம் ஏறத்தாழ 25,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அத்தகைய முதுமைக்கு 180 ஆண்டுப் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று.

உண்மையான இடர் மண்ணுக்குள் இருக்கிறது. 25,000 ஆண்டுப் பழமையான ஓட்டில் நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் புகுந்தாலே, கணிப்பு ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் இளமையாகிவிடும். சிப்பியில் இம்மாற்றத்தைக் கண்டறிதல் பெரும்பாலும் எளிது. அதன் அரகோனைட்டு, கால்சைட்டாகத் திரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். முட்டையோடு தொடக்கத்திலேயே கால்சைட்டு. திரிந்தாலும் வேற்றுமை எளிதில் புலப்படாது. ஆகவே ஆய்வாளர் அமிலத்தால் அதன் மேற்பரப்பைக் கரைத்து நீக்கி, உட்பகுதியையே அளவிடுவர்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் கிடைப்பது பறவை முட்டையிட்ட காலமே. கீறிய கை எக்காலத்தது என்பதைக் கார்பன் கூறாது. பழைய ஓட்டைப் பொறுக்கியெடுத்தும் ஒருவர் கோடு கீறியிருக்கலாம். அதை அறிய, ஓடு கிடந்த மண்ணடுக்கையும் உடன்கிடைத்த கற்கருவிகளையும் நோக்க வேண்டும்.