குளிர்ந்த தண்ணீரும் நாற்பதைத் தாண்டிய பெண்களும்

இந்த மாத உடல்நலப் பாடம் கொஞ்சம் தூரத்து ஊரிலிருந்து தொடங்குகிறது. வழக்கம்போல ஒருவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்திப் பேசினாலும் தப்பில்லை.

இங்கிலாந்தில் ஜனவரி மாதம் ஏரித் தண்ணீர் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் நாற்பது, ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் கூட்டமாகப் போய் இறங்கி நீந்துகிறார்கள். இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், நன்றாகப் பழகியவர்கள் இன்னும் கொஞ்ச நேரம். ஏறி வந்ததும் துடைத்துக்கொண்டு, கம்பளி உடுப்பு போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த சூடான டீயைக் குடித்தபடி சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். லண்டன் நகரத்தில் ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற இடத்தில் பெண்களுக்கு மட்டும் என்றே ஒரு குளம் இருக்கிறது. 1925-இல் திறந்தது. குளிர்காலத்திலும் அதை மூடுவதில்லை.

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று உங்களில் பாதிப்பேர் கேட்பீர்கள். அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டால் அப்படிச் சிரிக்கத் தோன்றாது. அவர்களில் பலர் மாதவிலக்கு நிற்கும் வயதில் இருப்பவர்கள். ராத்திரி தூக்கம் இல்லை, திடீரென்று உடம்பு தகிக்கிறது, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கிறது என்கிறார்கள்.

இந்தத் தொல்லைகள் நமக்கும் இருக்கிறது. பேர் மட்டும் வேறு வேறு வைத்திருக்கிறோம். "சூட்டு உடம்பு", "படபடப்பு", "கோபக்காரி", ஒருசில ஊரில் "காத்து கருப்பு". மாதவிலக்கு வந்து 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. இங்கிலாந்தில் 51. ஆனால் அதற்குச் சில வருஷம் முன்னாடியே உடம்பு மாறத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் தடுமாறுகிறது. கொஞ்சம் சூடு கூடினாலே ரொம்பச் சூடு என்று எடுத்துக்கொண்டு முகத்துக்கு ரத்தத்தை ஏற்றுகிறது, வியர்வையைக் கொட்டுகிறது. நாம் திமிர் பிடித்து எரிந்து விழுவதில்லை. பேயும் பிடிக்கவில்லை. மாமியார் வீட்டிலும் புருஷனிடமும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தாலே பாதி பாரம் இறங்கும்.

சரி, குளிர்ந்த தண்ணீர் உண்மையிலேயே உதவுகிறதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குளிர்ந்த தண்ணீரில் நீந்தும் 1,114 பெண்களிடம் கேள்விகள் கேட்டு, 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். அவர்களில் 785 பேர் மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் இருந்தவர்கள். அந்த 785 பேரை நூறு நூறாக எண்ணினால், நூற்றுக்கு சுமார் 47 பேர் பதற்றம் குறைந்தது என்றார்கள். மனநிலை மாறி மாறி வருவது குறைந்தது என்று சுமார் 35 பேரும், உடம்பு தகிப்பது குறைந்தது என்று சுமார் 30 பேரும் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் "அப்போ இதுதான் மருந்து" என்று முடிவு கட்டக்கூடாது. கேட்டது எல்லாம் ஏற்கனவே விரும்பி நீந்துகிற பெண்களிடம்தான். ஒத்துக்கொள்ளாமல் விட்டுப்போனவர்கள் அதில் இல்லை. கடன் வாங்கி நன்றாக வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "கடன் எல்லோருக்கும் நல்லது" என்று அறிக்கை எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா? அந்த மாதிரிதான். தகிப்பு குறையவில்லை என்றவர்களும் அதில் நிறைய என்பதைக் கவனியுங்கள். ஆனால் மனசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் பாதிக்குப் பாதி பேர் நன்மை சொன்னது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் குளிரில் ஆபத்தும் உண்டு. சட்டென்று இறங்கினால் மூச்சு தானாக "ஹா" என்று உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இரண்டு மூன்று நிமிஷத்தில் இது அடங்கும், ஆனால் அதற்குள் உயிர் போனவர்கள் உண்டு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அதனால் கை கால் சீக்கிரம் மரத்துப்போகும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் உடனே கம்பளி, உடனே டீ. மெதுவாக இறங்கி, பல தடவை பழகினால் அந்த முதல் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது. பழகிய பெண்கள் தனியாகப் போவதே இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சமவெளியில் நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அவர்களுக்கு அது கிட்டத்தட்ட வெதுவெதுப்பான தண்ணீர்! அதனால் அவர்களுக்குக் கிடைக்கும் குளிர் நமக்குக் கிடைக்காது. ஐஸ் வாங்கி அண்டாவில் போட்டு உட்கார வேண்டியதும் இல்லை, யாரும் அப்படி முயற்சி செய்யாதீர்கள். ஆனால் குளிரைத் தவிர அவர்களுக்கு வேறு மூன்று கிடைக்கிறது. உடம்பு முழுக்க அசைகிறது. கூட நாலு பெண்கள் இருக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் யாருக்கும் சமைக்கவோ துவைக்கவோ வேண்டாம். என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் நமக்கு எட்டாத பொருளாக இருக்கிறது.

பத்து வயது வரை சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்த பெண்கள் நம் குழுக்களிலேயே எத்தனை பேர்? வயசுக்கு வந்ததும் கரையேறியவர்கள் அதோடு சரி. அண்ணன் தம்பிகள் மட்டும் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள், படித்துறை உள்ள சுத்தமான குளமோ கிணறோ பக்கத்தில் இருந்தால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பகல் வெளிச்சத்தில் போகலாம். சேலையோடு ஆழத்தில் இறங்கினால் துணி காலைச் சுற்றிக்கொள்ளும், எனவே நைட்டி, சேலை இரண்டும் வேண்டாம். சுடிதார் மாதிரி உடலோடு ஒட்டிய உடுப்பு நல்லது. நீச்சல் தெரியாதவர்கள் ஒருபோதும் வேண்டாம். இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் இறங்கக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. மார்கழியில் விடியற்காலை குளிக்கும்போதும் தலையில் சட்டென்று ஊற்றாமல் கால், கை, பிறகு உடம்பு என்று ஊற்றுங்கள்.

தண்ணீர் வசதி இல்லாத ஊர்க்காரர்கள் சாயங்காலம் குழுவாக அரைமணி நேரம் கைவீசி நடக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறோமே, அது போதாதா என்பார்கள். அது உழைப்பு, இது உங்களுக்கான நேரம். நடக்கும்போது எலும்புக்கும் நல்லது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். கேழ்வரகும் கீரையும் கூடவே வேண்டும். ராத்திரி தகிப்பு வந்தால் பருத்தித் துணியும், ஈரத்துணியால் கழுத்து, மணிக்கட்டு துடைப்பதும் ஆறுதல் தரும். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் தாங்க முடியாத தகிப்போ, தூக்கமின்மையோ, சாகலாம் போன்ற எண்ணமோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இருக்கிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், அது புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். "வயசாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அவசர நிலை இல்லாதபட்சத்தில் இன்னொரு டாக்டரிடம் கேட்ட பிறகு குழுவில் கடன் கேளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் இந்தத் தகிப்பெல்லாம் ஒரே நாளில் வந்து சேரும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பேச:

நம் குழுவில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்கள்?

நம் ஊர்க் குளத்தில், ஆற்றில் பெண்கள் பயமில்லாமல் இறங்கக்கூடிய படித்துறை இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கிராம சபைக்கு மனு யார் எழுதுவது?

வாரத்தில் எந்த மூன்று நாள், எத்தனை மணிக்கு, யார் வீட்டு வாசலில் இருந்து நடக்கக் கிளம்புவோம்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.