எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள்

பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை கேட்கிறோம். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தைப் பிடித்து அளக்கிறார். அது ஒரு முழம்.

எல்லோருடைய முழமும் ஒன்றா? இல்லை. உயரமான பூக்காரம்மாவின் முழம் நீளம். குள்ளமான பூக்காரம்மாவின் முழம் குறைவு. விலை மட்டும் ஒன்றுதான். ஆனாலும் பூவில் இரண்டு விரல் குறைந்தது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

அரிசியில் அப்படி விட முடியுமா? நாம் விற்கும் கடலையில் விட முடியுமா? பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தில்?

மனிதனுக்கு முதல் அளவுகோல் அவன் உடம்புதான். விரல், சாண், முழம், காலடி என்று அளந்தான். இதில் ஒரு வசதி உண்டு. கையை யாரும் வீட்டில் மறந்துவிட்டு வருவதில்லை! ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறும். அதனால் படி, மரக்கால், சேர், வீசை, மணங்கு என்று பொது அளவுகள் வந்தன.

அவையும் ஊருக்கு ஊர் மாறின. மணங்கு என்ற அளவைப் பாருங்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் வங்காளத்தில் ஒரு மணங்கு என்றால் சுமார் 37 கிலோ. பம்பாயில் சுமார் 13 கிலோ. சென்னையில் சுமார் 11 கிலோ. பெயர் ஒன்று, எடை மூன்று. ஒரு ஊரில் வாங்கி இன்னொரு ஊரில் விற்கும் வியாபாரிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு? அவர் வியாபாரி சொன்னதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

காசும் அப்படித்தான். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. இதை மனதில் வைத்துப் பெருக்கிக் கழிப்பது படித்தவர்களுக்கே தலைவலி.

சுதந்திரம் வந்த பிறகு நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1956ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா ஆனது. அதைத்தான் பெரியவர்கள் 'நயா பைசா' என்று சொல்வார்கள். 1958 அக்டோபரில் கிலோகிராம் எடை சில இடங்களில் தொடங்கியது. பிறகு படிப்படியாகப் பரவியது. 1962 ஏப்ரல் முதல் பழைய எடைகளுக்கு வியாபாரத்தில் இடம் இல்லை என்று ஆனது.

புதிய முறையில் எல்லாம் பத்துப் பத்தாகப் போகும். அதனால் கணக்கு சுலபம். இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். 'கிலோ' என்றால் ஆயிரம். 'மில்லி' என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோகிராம் 1000 கிராம். ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர். ஒரு லிட்டர் 1000 மில்லிலிட்டர். ஒரு கிராம் 1000 மில்லிகிராம். பொட்டலத்தில் கி.கி., கி., மி.லி., மி.கி. என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள்.

சரி, ஒரு கிலோ என்பது இவ்வளவுதான் என்று யார் சொன்னது?

பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் உலோக உருளை இருக்கிறது. நான்கு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்தது. 1889 முதல் உலகத்துக்கே அதுதான் ஒரு கிலோ. அதைப் போலவே செய்த உருளைகளைப் பல நாடுகளுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு வந்தது 57ஆம் எண் உருளை. அது புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அவ்வளவு பத்திரமாக வைத்தும் ஒரு சிக்கல் வந்தது. நூறு ஆண்டு கழித்து உருளைகளை ஒப்பிட்டார்கள். அவற்றின் எடையில் மிக மிகச் சிறிய வித்தியாசம் தெரிந்தது. மண்துகள் ஒன்றின் எடை அளவுக்குத்தான். ஆனாலும் விஞ்ஞானிகள் விடவில்லை. பொருள் தேயலாம், அழுக்குப் படியலாம். இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டு கிலோவைக் கணக்கிட முடிவு செய்தார்கள். 2019 மே 20 முதல் அந்த முறை நடப்பில் இருக்கிறது. நம் கடைக் கிலோவில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.

தில்லியில் இருக்கும் அளவை வைத்து மாநிலங்களில் உள்ள அளவுகளைச் சரிபார்க்கிறார்கள். மாநில அளவை வைத்து ஆய்வாளரின் கையில் உள்ள எடைக்கல்லைச் சரிபார்க்கிறார்கள். ஆய்வாளர் தன் கல்லை வைத்துக் கடைக்காரரின் கல்லைச் சரிபார்க்கிறார். ஆகவே கடையில் இருக்கும் இரும்புக் கல்லுக்கும் ஒரு வம்சம் உண்டு. அந்த வம்சத்துக்கு அடையாளம்தான் முத்திரை.

முத்திரை எங்கே இருக்கும்? இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். கல்லின் எடையைச் சரி செய்யத்தான் அந்த ஈயம். அதன் மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். எந்த ஆண்டு சோதித்தார்கள் என்று அதில் தெரியும். இரும்புக் கல்லை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து முத்திரை போட வேண்டும். மின்சாரத் தராசை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.

ஈயத்தைச் சுரண்டி எடுத்தால் கல் எடை குறையும். அதை வைத்து விற்றால் வாங்குகிறவருக்கு நட்டம். கூடுதலாக ஈயம் ஊற்றினால் கல் எடை கூடும். அதை வைத்துக் கொள்முதல் செய்தால் விளைவித்தவருக்கு நட்டம். ஆக, ஏமாற்றுகிறவரிடம் வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் இருக்கும்.

கடலை விற்கப் போன ஓர் அம்மா வியாபாரியிடம் இப்படிப் பேசினார்:

"அண்ணே, அந்தக் கல்லைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

"ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா? பத்து வருசமா உன்கிட்டதானே கடலை எடுக்கிறேன்!"

"நம்பிக்கை இருக்குண்ணே. இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். கல்லுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாம்னுதான்."

வியாபாரி கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய் வேறு கல்லை எடுத்து வந்தார்.

கல்லில் மட்டும் வித்தை இல்லை. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைப்பவர் உண்டு. காந்தம் வைப்பவர் உண்டு. சாதாரணக் கருங்கல்லைத் தட்டில் வைத்து, "இது அரைக் கிலோ" என்பார்கள். அப்படி நிறுப்பது சட்டப்படி தவறு. மின்சாரத் தராசு என்றால், பொருள் வைக்கும் முன்பே எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். டப்பாவோடு நிறுத்தால் முதலில் காலி டப்பாவை வைத்துப் பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அட்டைப் பெட்டியை இனிப்பு விலைக்கு வாங்குவீர்கள்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. வீட்டில் நான்கு பேர். மாதம் 20 கிலோ. கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் என்ன ஆகும்? 20 முறை 50 கிராம், அதாவது 1000 கிராம். மாதம் ஒரு கிலோ போனது. ஆண்டுக்கு 12 கிலோ. இரண்டு ஆள் ஒரு மாதத்துக்குப் பெறும் தானியத்தைவிட அது அதிகம்.

எடை குறைந்தால் நட்டம் தானியத்தோடும் பணத்தோடும் போகும். மருந்தில் அளவு தவறினால் அப்படி இல்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் என்ற மருந்து கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அது தண்ணீர் மருந்தாகப் பாட்டிலில் வரும். ஒரு பாட்டிலில் '5 மி.லி.யில் 125 மி.கி.' என்று இருக்கும். இன்னொன்றில் '5 மி.லி.யில் 250 மி.கி.' என்று இருக்கும். நிறமும் ருசியும் ஒன்று போலவே இருக்கலாம். ஆனால் இரண்டாவதில் மருந்து இரண்டு மடங்கு! "போன தடவை ஒரு மூடி கொடுத்தோமே" என்று அதே அளவு கொடுத்தால், பிள்ளை உடம்பில் இரண்டு மடங்கு மருந்து போகும். மி.லி. என்பது தண்ணீர் மருந்தின் அளவு. மி.கி. என்பது அதற்குள் கலந்திருக்கும் மருந்தின் எடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புது பாட்டில் வாங்கினால் நர்ஸம்மாவிடமோ மருந்துக் கடையிலோ காட்டி, "இது எத்தனை மி.லி. கொடுக்கணும்?" என்று கேளுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒரு கரண்டி போல் இன்னொன்று இருக்காது. பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கோடு போட்டிருக்கும். அதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைப் பொடியும் இப்படியே. ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். அரை லிட்டரில் கலந்தால் உப்பு அதிகமாகி, பிள்ளைக்கு ஆபத்து. வீட்டில் லிட்டர் அளவு இல்லையா? கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும். நன்றாகக் கழுவி அதையே அளவாக வையுங்கள்.

நிலத்தில் இன்னும் பழைய அளவுகள் போகவில்லை. வடக்கே 'பீகா' என்பார்கள். அது இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நமக்குத் தெரிந்தது ஏக்கரும் சென்ட்டும். 100 சென்ட் ஒரு ஏக்கர். சுமார் இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேர். பட்டாவில் ஹெக்டேர் என்று போட்டிருந்தால் ஏக்கர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எடை குறைவு என்று சந்தேகம் வந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பெட்ரோல் பங்கிலும் சந்தேகம் வந்தால், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

செய்து பாருங்கள்:

வீட்டில் உள்ள ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுங்கள். நிகர எடை எத்தனை கிராம்? விலை என்ன? அதே பிஸ்கட்டின் பெரிய பொட்டலத்தைக் கடையில் பாருங்கள். 100 கிராமுக்கு எதில் விலை குறைவு? கணக்குப் போட்டு எழுதுங்கள்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது ஓர் எடைக்கல்லின் முத்திரையைப் படியுங்கள். எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு வந்து, வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.